தேசிக்காய் வைத்த சைக்கிள்

எங்கள் சைக்கிள் பந்தய அணிக்கு இந்த வருடம் புதிதாக வேலைக்கு வந்த உங்களில் மூன்று பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "அண்ணை, பந்தயம் நடக்கிற இடமெல்லாம் உங்களை 'சித்ரோன்' எண்டு கூப்பிடினமே, ஏன்?" மசாஜ் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளை மட்டும், "உங்கட முகம் அப்பிடி ஒண்டும் புளிப்பா இல்லையே" என்று ஆறுதலும் சொன்னாள். நன்றி, பிள்ளை.

சித்ரோன் என்றால் பிரெஞ்சில் தேசிக்காய். தமிழகத்து நண்பர்கள் எலுமிச்சை என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொண்டிருந்தால் கதை ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாக மாறிவிடுகிறது. என் மனிசி அதைக் கவனித்து எச்சரித்தும் விட்டாள். அதனால் ஒரே தடவையாக, உண்மையாக, எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சுவிஸில், எம்மன்புரூக்கேயில் ஒரு தொழிற்சாலை, பிறகு ஒரு சைக்கிள் கடை, அதன் பிறகு ஓய்வு பெறும்வரை தொழில்முறைச் சைக்கிள் அணிகளில் மெக்கானிக்; ஓய்வுக்குப் பிறகும் பந்தயங்களுக்கு உங்களோடு வந்து போகிறேன். உலகத்தின் மிக வேகமான கால்களுக்குச் சைக்கிள் பூட்டிக் கொடுத்தவன் நான். நானே ஓடினால் எங்கள் தெரு மேம்பாலத்தில் பாதியில் இறங்கி உருட்டுவேன். வீட்டில் நிற்கும் என் சொந்தச் சைக்கிளுக்குக் காற்றுப் போய் ஏழெட்டு மாதம். அடிக்கப் பஞ்சி, சோம்பல்தான்.

சங்கிலி எப்படி மாற்றுவது என்று இதில் எழுதப் போவதில்லை. அதை நீங்கள் காணொளியில் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். காணொளியில் இல்லாத ஒன்று இருக்கிறது: உங்கள் கையால் ஒரு பிழை நடந்து, அதனால் இன்னொருவரின் இடம் பறிபோகப் பார்க்கிற நேரத்தில் என்ன செய்வது? அதுதான் விஷயம்.

இன்னொன்று. இதில் வருகிறவர்களில் பாதிப் பேர் சுவிஸ் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் கதைத்தவர்கள். எனக்குத் தெரிந்த ஒரே தமிழில் அவர்களை நான் கதைக்க வைத்திருக்கிறேன். ஆகவே ஜூரா மலைப் பெண் ஒருத்தி "உனக்கென்ன விசரே" என்று கேட்பாள். அவள் உண்மையில் கேட்டது அதைவிட மோசம்.

*

புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒரு விதி. சைக்கிள் பந்தய ஓட்டக்காரி ஒருத்தி அடுத்த வருடம் எந்த அணிக்கு மாறப் போகிறாள் என்பதை ஓகஸ்ட் முதலாம் தேதிக்கு முன் எந்த அணியும் வெளியே சொல்லக் கூடாது. சுவிஸ் நாட்டின் பிறந்த நாளும் அதுதான். அன்று வானத்தில் வாணம் வெடிக்கும், எங்கள் தொழிலில் பெயர்கள் வெடிக்கும். அதுவரை எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும், ஆனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. காதலிக்கிற இரண்டு பேரைப் பற்றி ஊருக்கே தெரிந்திருந்தும், கல்யாண எழுத்து முடியும்வரை ஒருவரும் வாய் திறக்காமல் இருப்பதுபோல.

நான் அந்த வருடம்தான் எங்கள் நிறுவனத்தின் ஆண்கள் அணியிலிருந்து பெண்கள் அணிக்கு மாறியிருந்தேன். மெக்கானிக் மாறினால் வாணமும் இல்லை, அறிக்கையும் இல்லை. சாவிக் கொத்தைத் தூக்கித் தருவார்கள், அவ்வளவுதான்.

எங்கள் அணிக்கு நீலச் சட்டை. அணியின் பொறுப்பாளர் ரெட்டோ, வின்டர்தூர்க்காரர், நல்ல மனிதர், பதற்றம் வந்தால் மட்டும் ஒரு சொல்லை மூன்று தடவை சொல்லுவார். ஜூலை மாதம் ஒரு நாள் என்னைக் கார் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போய்க் காதோடு ஒரு பெயரைச் சொன்னார். நினோன் புலே. ஜூரா மலைப் பக்கத்துப் பெண், அப்போது மஞ்சள் சட்டை அணியில் ஓடிக் கொண்டிருந்தாள். அடுத்த வருடத்துக்கு எங்களிடம் கையெழுத்து வைத்துவிட்டாள்.

"அவளின்ர அளவுக்கு ஒரு சைக்கிள் பூட்டு. திங்கக்கிழமை பேர்ண் பக்கம் கொண்டுபோய்க் குடு. ரகசியமா ஏறி இருந்து அளவு பார்ப்பாள். ஒருத்தருக்கும் சொல்லாத. எங்கையும் எழுதாத. எழுதாத. எழுதாத."

நான் சைக்கிளைப் பூட்டினேன். நல்ல வேலை, இன்றைக்கும் சொல்லுவேன். பூட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் ஏதோ குறை. ஒவ்வோர் ஓட்டக்காரியின் சைக்கிளிலும் மேல் குழாயில் ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும், நாட்டின் கொடியும் பெயரும். அது இல்லாமல் சைக்கிள் மொட்டையாக நின்றது. ஒருவரும் என்னை ஒட்டச் சொல்லவில்லை. எழுதாதே என்று மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். ஆனால் எழுதுவது வேறு, அச்சடிப்பது வேறு என்று என் மூளை எனக்கு ஒரு சட்டம் வகுத்துக் கொடுத்தது. அச்சடித்து ஒட்டினேன். அழகாக இருந்தது.

பெயரை நான் காதால் மட்டுமே கேட்டவன். புலே. தமிழில் எழுதிப் பாருங்கள், ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் அவர்களுடைய எழுத்தில் இரண்டு 'ப' இருக்கிறது: இரண்டு வயிறுள்ள B, ஒரு வயிறுள்ள P. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் என் காதுக்கு அந்த இரண்டும் ஒரே ஆள்தான். நான் ஒரு வயிற்றைப் போட்டேன். இரண்டு வயிறு போட்டிருந்தால் அது அவளுடைய குடும்பப் பெயர். ஒரு வயிறு போட்டால் பிரெஞ்சில் கோழி.

ஆக, வருங்கால நட்சத்திரத்துக்கு நான் கட்டிய ரகசியச் சைக்கிளில் சுவிஸ் கொடியும் பக்கத்தில் 'நினோன் கோழி' என்றும் இருந்தது. எனக்கு அது தெரியாது.

*

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வாங்கிய புதுக் காருக்கு வாகன பூசை. பேர்ண் பக்கத்துக் கோயில் ஒன்றின் தரிப்பிடத்தில் ஏற்பாடு. மறுநாள் எப்படியும் பேர்ண் பக்கம் போக வேண்டும் என்பதால் சைக்கிளை என் வான் வண்டியில் ஏற்றி வந்திருந்தேன்.

ஐயர் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைக்கச் சொன்னார். அப்போதுதான் என் மனிசி திரும்பி என் வானைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உதுக்குள்ள நிக்கிறதும் புதுச் சைக்கிள்தானே?"

"அது கம்பனியின்ர."

"கம்பனியின்ர எண்டாப்போல ஆக்கள் விழமாட்டினமோ? ஒரு பொம்பிளப் பிள்ளை ஓடப் போற சாமான். இறக்குங்கோ."

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் உண்மையைச் சொல்லுகிறேன், அவள் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மலை இறங்குகிறார்கள், மெல்லிய சட்டையோடு. என் கை பூட்டிய சைக்கிள்மேல். அவர்கள் இறங்கி முடிக்கும்வரை நான் பின்னால் வரும் காரில் மூச்சு விடுவதில்லை. புது வாகனம் தேசிக்காயை நசுக்காமல் தெருவுக்குப் போவது எங்கள் ஆட்களுக்கு ஆகுமா?

இறக்கினேன். காருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

ஐயர் பார்த்தார். "இதுக்கு ரெண்டு காணும், என்ன?"

"ஓம் ஐயா, ரெண்டு காணும்."

கார்பன் சட்டத்தில் சந்தனம், கைபிடியில் ஒரு மாலை, சக்கரத்துக்குக் கீழே ஆளுக்கொரு பச்சைத் தேசிக்காய். ஒரே கற்பூரத்தில் இரண்டு வாகனம். செலவு மிச்சம் என்று மருமகனும் சிரித்தான். என் மகள் தன் ஹாண்டியில், அதாவது கைத்தொலைபேசியில், புதுக் காரைப் படம் எடுத்து இணையத்தில் போட்டாள். காரைத்தான் எடுத்தாள், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. படத்தின் மூலையில் நீலச் சைக்கிள் நின்றது. மகளோடு வேலை செய்கிற ஒருவனுக்குச் சைக்கிள் பந்தயப் பைத்தியம். அவன் படத்தைப் பெருப்பித்துப் பார்த்து, தன் பந்தயக் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். நீல அணியின் சைக்கிள், சுவிஸ் கொடி, 'நினோன் கோழி'. சின்ன வயதிலிருந்தே அவளைக் கோழி என்று கேலி செய்கிறார்கள் என்பது பந்தயப் பைத்தியங்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதியாம். எழுத்தைச் சரியாகப் போட்டிருந்தால் சிரிக்க ஒன்றும் இல்லை, ஒருவேளை தப்பியிருப்பேன். பிழையாகப் போட்டதால் ஒரே இரவில் எல்லா இடமும் பரவிவிட்டது.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ரெட்டோ பட்டறைக்கு வந்துவிட்டார். ஹாண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன? இது என்ன? இது என்ன?"

"மருமகன்ர கார்," என்றேன். மெய்தானே.

அவர் சிரிக்கவில்லை. பேர்ண் பயணம் ரத்து என்றார். அன்று பின்னேரம் நாலு மணிக்கு மஞ்சள் அணி தன் பட்டியலைக் கொடுக்க வேண்டும். வருடத்தின் மிகப் பெரிய பந்தயம் அந்த வாரம் தொடங்குகிறது. அந்த முறை அதன் மூன்றாம் நாள் பாதை நினோனின் ஊருக்குள்ளாலேயே போகிறது, அவள் பிறந்த வீட்டு வாசலை உரசிக்கொண்டு. ஓர் ஓட்டக்காரியின் வாழ்க்கையில் அது ஒரு தடவை வரும், வராமலும் போகும். மஞ்சள் அணிக்குப் பணம் கொடுக்கும் கம்பனிக்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டார்கள். எங்களை விட்டுப் போகிறவளுக்கு, அதுவும் போகப் போவதை இப்படி மாலை போட்டுக் கொண்டாடுகிறவளுக்கு, எதற்கு எங்கள் சட்டை என்று கேட்கிறார்களாம். பட்டியலில் இருந்து அவளை எடுக்கச் சொல்லுகிறார்கள்.

அவளுக்கு அந்தப் பூசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேசிக்காயைப் பற்றியும் தெரியாது. என்னைக்கூடத் தெரியாது.

ரெட்டோ படத்தை மறுபடி பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"ஏய், இது B இல்லையே. P!"

"அது என்ர பிழை."

"பிழை இல்லை, கடவுள் தந்தது! இது அவளின்ர பேரே இல்லை. கோழி எண்டு ஒரு பகிடிக்கு ஒட்டினது. உங்கட ஆக்களின்ர சடங்கில கோழி ஏதோ வாறது எண்டு சொல்லுவம்."

"எங்கட சடங்கில கோழி இல்லை, ரெட்டோ. நாங்கள் சைவம்."

"அது ஆருக்குத் தெரியும்!"

நீங்கள் நம்புவீர்களோ தெரியாது, அரை மணித்தியாலம் அந்தப் பொய் எனக்கும் பிடித்திருந்தது. என் வேலை தப்பும். ரெட்டோவின் அணி தப்பும். ஒரு வயிற்று எழுத்து எல்லாரையும் காப்பாற்றிவிடும். நான் ஒரு சக்கரத்தைத் தராசில் வைத்துச் சும்மா நிறை பார்த்துக் கொண்டிருந்தேன். பதற்றத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் அல்லவா. அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஐந்து கிராம் குறைக்க நாங்கள் ஒரு திருகாணியை மாற்றுகிறவர்கள். போத்தலில் தண்ணீர் கூடிவிட்டால் ஊற்றிவிடச் சொல்லுகிறவர்கள். இந்தப் பொய்யை யார் சுமப்பது? நான் இல்லை, ரெட்டோவும் இல்லை. அவளைத்தான் ஒவ்வொரு நாளும் ஒலிவாங்கியோடு வந்து கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் அவள் கோழிக் கதை சொல்ல வேண்டும், பிறகு அதையும் முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். ஓகஸ்ட் முதலாம் தேதி எங்கள் அறிக்கை வந்ததும் அவள்தான் பொய்க்காரி.

"நான் போறன்," என்றேன்.

"எங்க?"

"மஞ்சள் அணி தங்கியிருக்கிற ஹோட்டலுக்கு."

"போனா நான் உன்னை அனுப்பேல்லை. நாளைக்கு இஞ்ச உனக்கு வேலை இருக்குமோ எண்டும் எனக்குச் சொல்லத் தெரியாது."

"ஓம்."

"அங்க போய் என்ன சொல்லப் போறாய்?"

"தெரியேல்லை. வழியில யோசிக்கிறன்."

வீட்டுக்குப் போய்க் கல்யாண வீடுகளுக்குப் போடுகிற சட்டையை மாட்டினேன். மனிசிக்கு விஷயத்தைச் சொன்னதும், எடுத்த எடுப்பில் "உங்களை ஆர் பேர் ஒட்டச் சொன்னது?" என்று கேட்டாள். சைக்கிளை இறக்கச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. நாற்பது வருடக் கல்யாணத்தில் இவ்வளவாவது கற்றிருக்கிறேன். கதவடியில் நின்று, பூசையில் மிஞ்சிய இரண்டு தேசிக்காயை என் பையில் போட்டாள்.

"வெய்யிலாக் கிடக்கு. கரைச்சுக் குடியுங்கோ."

*

ஜூராவுக்குப் போகும் பாதையில் நான் தயாரித்த பேச்சு மிக நன்றாக இருந்தது. அதில் புலம்பெயர்ந்த வாழ்க்கை வந்தது, பண்பாடு வந்தது, ஓரிடத்தில் எனக்கே கண் கலங்கியது. ஹோட்டல் தரிப்பிடத்தில் மஞ்சள் அணியின் பொறுப்பாளர் அம்மாவைக் கண்டதும் முழுவதும் மறந்துபோனது. நெட்டையான, நரை முடியை ஒட்ட வெட்டிய பெண். அந்தக் காலத்தில் அவரும் ஓட்டக்காரி. தொழிலில் எல்லாரும் 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார்கள், காற்றும் கொஞ்சம் ஒதுங்கிப் போகும்.

"மதாம், அந்தச் சைக்கிளில பேர் ஒட்டினது நான்," என்றேன். நான் தயாரித்த பேச்சில் இந்த வரி கடைசியில் வர இருந்தது.

என்னை மேலிருந்து கீழ் பார்த்தார். "நீ நீல அணியின்ர மெக்கானிக்."

"இண்டைக்கு ஓம். நாளைக்குத் தெரியாது."

"ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை. நினோனுக்கு ஒண்டும் தெரியாது. அவள் அந்தச் சைக்கிளைக் கண்டதே இல்லை. ஒட்டச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. பேரையும் பிழையா ஒட்டினன்."

அவர் ஹாண்டியை எடுத்துப் படத்தைப் பெருப்பித்தார். ஸ்டிக்கரைக் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். விரல் சக்கரத்துக்குக் கீழே போய் நின்றது.

"பேர் கிடக்கட்டும். மே மாதத்திலயிருந்து எனக்குத் தெரியும் அவள் போறாள் எண்டு. உந்தப் பச்சை என்ன? என்ர மெக்கானிக்மார் விடியத்தொடக்கம் இதைத்தான் பாக்கினம். டயருக்குப் புதுசா ஏதோ மருந்து பூசுறியள் எண்டு ஒருத்தன். இல்லை, நிலத்தின்ர சூட்டை அளக்கிற கருவி எண்டு மற்றவன்."

நான் பையில் கையை விட்டு எடுத்துக் காட்டினேன்.

மதாம் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். என்னிடம் திருப்பித் தந்தார். "செய்து காட்டு."

அப்படித்தான், கல்யாணச் சட்டையோடு, எதிரணியின் காருக்கு முன்னால் குனிந்து, அதன் முன் சக்கரத்துக்கு ஒரு தேசிக்காய் வைத்தேன். மதாம் காரில் ஏறி, சாவியைப் போட்டு, ஒரு மீற்றர் முன்னால் எடுத்தார். பச்சென்று நசுங்கியது. இறங்கி வந்து பார்த்தார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான். விழக் கூடாது எண்டு."

அந்த நேரத்தில் ஹோட்டல் படியில் செருப்போடு நினோன் இறங்கி வந்தாள். அவளை நான் முதன்முதலில் கண்டது அப்போதுதான். அவளுடைய கால் எலும்பின் நீளம் மில்லிமீற்றர் கணக்கில் தெரிந்தவன், முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"நீதானோ அது? உனக்கென்ன விசரே?"

"ஓம்," என்றேன்.

"பன்ரெண்டு வயசில பள்ளிக்கூட பஸ்ஸுக்குள்ள இருந்து அந்தப் பேரைச் சொல்லிக் கத்துவாங்கள். அந்த பஸ்ஸைத் துரத்தித் துரத்தித்தான் நான் சைக்கிள் ஓடப் பழகினனான். இப்ப இவ்வளவு தூரம் வந்திருக்கிறன், நீ அதைக் கொடியோட சேத்து அச்சடிச்சு வைச்சிருக்கிறாய்!"

இதைக் குறித்துக் கொள்ளுங்கள்: உங்கள் பிழையால் அடிபட்டவர் கத்தும்போது விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் சரியாக இருந்தால் இன்னும் சொல்லாதீர்கள். கத்தி முடியட்டும்.

முடிந்தது. பிறகு மெல்லக் கேட்டாள். "இப்ப நான் என்ன சொல்லுறது? கேக்கிறவங்களுக்கு?"

"ஒண்டும் சொல்லாத. 'ஒட்டின ஆளைக் கேளுங்கோ' எண்டு என்ர நம்பரைக் குடு."

மதாம் காரின்மேல் சாய்ந்து நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நேரம் இரண்டு மணி தாண்டியிருந்தது.

"எனக்குக் காசு தாறவை பயப்பிடுறது ஒண்டுக்குத்தான்," என்றார். "இதில ஒரு சதி இருக்கு எண்டு நினைக்கினம். நீல அணி வேணுமெண்டு செய்தது, இவளும் சேந்து செய்தவள் எண்டு. சதியை அவை மன்னிக்க மாட்டினம். மொக்கனை மன்னிப்பினம். நீ எனக்கு ஒரு மொக்கனைக் கொண்டு வந்து தந்திருக்கிறாய். நல்லது. இரு. எழுது."

ஒரு கடதாசி தந்தார். எழுதத் தொடங்கினேன். நான் எழுதிய முதல் வரியில், அடுத்த வருடம் எங்கள் அணிக்கு வரவிருக்கும் நினோன் என்று இருந்தது. மதாம் அதைக் கிழித்துவிட்டார்.

"இது உன்ர விஷயமோ?"

"இல்லை."

"அப்ப ஏன் எழுதுறாய்? அது ஓகஸ்ட் வரைக்கும் எனக்கே தெரியாத விஷயம். உன்னுடையதை எழுது. முழுக்க எழுது. மற்ற ஆளின்ரையில ஒரு சொல்லும் வேண்டாம்."

மெக்கானிக் வேலையை எனக்குப் பலர் பழக்கியிருக்கிறார்கள். தொழிலைப் பழக்கியது அந்த ஒரு வசனம்தான்.

இரண்டாம் தடவை எழுதினேன். அந்தச் சைக்கிளில் பெயர் ஒட்டியது நான். ஒருவரும் சொல்லாமல் நானாக ஒட்டினேன். எழுத்தையும் பிழையாக ஒட்டினேன். கோயிலுக்குக் கொண்டு போனதும் நான். சக்கரத்துக்குக் கீழே இருப்பது தேசிக்காய். அது டயருக்கு நல்லதோ தெரியாது, எனக்கு நல்லது. அதன் கீழே என் பெயர்.

மதாம் அதைப் பிரெஞ்சில் மாற்றி, என் படம் ஒன்றும் எடுத்து, கல்யாணச் சட்டையும் கையில் மிஞ்சிய தேசிக்காயுமாக, உலகம் பார்க்கப் போட்டுவிட்டார். பிறகு நினோனிடம் திரும்பினார்.

"மூண்டாம் நாள், உன்ர ஊர் தாண்டின உடனை மலை தொடங்குது. மலை அடிவாரம் வரைக்கும் எங்கட தலைவியைக் காத்தில படாமல் இழுத்துக்கொண்டு போகோணும். போறவள் எண்டு கால் மிச்சம் பிடிச்சியோ, உன்னை அண்டைக்கே வீட்டு வாசல்ல இறக்கிவிடுவன்."

"ஏலாமல் நிக்கிற வரைக்கும் இழுப்பன்," என்றாள் நினோன்.

நாலு மணிக்குப் பட்டியல் போனது. அவள் பெயர் அதில் இருந்தது, இரண்டு வயிறோடு.

திரும்பி வரும் வழியில் என் ஹாண்டி அணையவே இல்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, சைக்கிள் உதிரிப்பாகங்களுக்கு மட்டுமே போதும். அதில்தான் அத்தனை பத்திரிகைக்காரருக்கும் பதில் சொன்னேன். எம்மன்புரூக்கேயில் பட்டறை வாசலில் ரெட்டோ நின்றார். என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன்.

"அவையின்ர காருக்குத் தேசிக்காய் வைச்சனீ."

"ஓம்."

"எங்கட காருக்கு ஒரு நாளும் வைக்கேல்லை. ஒரு நாளும். ஒரு நாளும்."

அவ்வளவுதான். அன்று இரவே மனிசி ஒரு கிலோ வாங்கினாள்.

*

மூன்றாம் நாள். நான் எங்கள் அணியின் இரண்டாவது காரில் பின் இருக்கையில், மடியில் உதிரிச் சக்கரம். பந்தய வானொலி அறிவித்தது: நினோன் புலே முன்னால் போகிறாள். எங்கள் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. சொந்த ஊர் வந்தால் கூட்டம் வேகத்தைக் குறைத்து அந்த ஓட்டக்காரியை முன்னால் விடும். அவள் வீட்டாரைக் கொஞ்சிவிட்டு வந்து சேர்ந்துகொள்வாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பெண் ஒருத்தியின் பின் சக்கரத்துக்குக் காற்றுப் போனது. ஊர் எல்லையில், சனம் நிறைந்த இடத்தில். கார் நின்றது. நான் சக்கரத்தோடு ஓடினேன். ஓடும்போதே பக்கத்துச் சனம் ஒரே குரலாகக் கத்தத் தொடங்கியது: "சித்ரோன்! சித்ரோன்!" எனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

முழங்காலில் விழுந்து சக்கரத்தைக் கழற்றினேன். தெருவில் வெள்ளைப் பூச்சு. பந்தயப் பாதையில் ஓட்டக்காரிகளின் பெயரை எழுதுவது வழக்கம், நான் கவனிக்கவில்லை. புதுச் சக்கரத்தைப் பூட்டி, எங்கள் பெண்ணைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். நான் குந்தியிருந்தது ஓர் எழுத்தின் வயிற்றுக்குள். ஒரே ஒரு வயிறு. அங்கிருந்து தெரு நீளத்துக்கு, ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆள் உயரம், கோழி. நினோன் கோழி. நினோன் கோழி. அவளுடைய வீட்டு வாசல் வரைக்கும். நடுவில் மஞ்சளில் ஒரு பெரிய கோழி, அதன் காலடியில் பச்சையாய் ஒரு தேசிக்காய்.

பிறகு கேள்விப்பட்டேன். அதை எழுதியது, அன்று பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து கத்திய அதே ஆட்கள்தானாம். இப்போது எல்லாருக்கும் தாடியும் பிள்ளைகளும். காலையில் தூரிகையோடு வந்து, தெருவில் குந்தியிருந்து எழுதினார்களாம்.

ஊரைத் தாண்டிப் பாதை மலையை நோக்கித் திரும்பியது. நினோன் முன்னால் நின்று இழுத்தாள். வானொலியில் அவள் எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மலை அடிவாரத்தில் மஞ்சள் அணித் தலைவி சீறிக்கொண்டு போனாள். முதல் வளைவில், தெரு ஓரமாய், நினோன் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை நிலத்தில் ஊன்றி, தலையைக் கைபிடியில் போட்டு நின்றாள். மிச்சம் ஒன்றும் இல்லை. சொன்னதைச் செய்துவிட்டாள்.

எங்கள் கார் அவளைத் தாண்டும்போது நான் கண்ணாடியை இறக்கினேன். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்கியதில் ஒரு சொல்தான் வந்தது.

"திருத்தாத."

ஓகஸ்ட் முதலாம் தேதி எங்கள் அறிக்கை வந்தது. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பட்டறையில் அவளுடைய சைக்கிளை முதன்முதலில் கழுவக் கொடுக்கும்போது, மேல் குழாயில் இருக்கும் ஸ்டிக்கரில் பிழை இருக்கிறதே என்று உங்களில் கெட்டிக்கார ஆள் யாராவது கட்டாயம் நினைப்பீர்கள். புதிதாக அச்சடிக்கப் புறப்பட வேண்டாம். அவள் பெயருக்குப் பட்டியலில் இரண்டு வயிறு, சைக்கிளில் ஒரு வயிறு. சைக்கிளை மட்டும் கழுவுங்கள். தேசிக்காய் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் இருக்கிறது.